மூட்டு ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாயை வீட்டில் பராமரிப்பது: சென்னை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பின்னங்கால் முட்டியில் ஜவ்வு அறுந்து, அறுவை சிகிச்சை முடிந்து நாய் வீடு திரும்பியதும், முதல் மூன்று இரவுகள் வீட்டிலுள்ளவர்கள் மாறி மாறிக் கண்விழிக்கிறார்கள்; இரண்டாவது வாரம் தையல் பிரித்ததும் பெருமூச்சு விடுகிறார்கள்; நான்காவது வாரத்தில் நாய் பழையபடி துள்ளுவதைக் கண்டு மனம் இளகிச் சங்கிலியை அவிழ்த்துவிடுகிறார்கள். அறுவை செய்த மருத்துவர் அஞ்சுவது அந்த நான்காவது வாரத்தைத்தான். வலி பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் அடங்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கூடுவதற்கோ 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தை நாயால் புரிந்துகொள்ள முடியாது என்பதால், வீட்டில் இருப்பவர்கள்தான் அதன் சார்பில் புரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் பொது வழிமுறைகள். உங்கள் நாய்க்கு அறுவை செய்தவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

முட்டிக்குள் என்ன செய்திருக்கிறார்கள்

தொடை எலும்பையும் அதன் கீழுள்ள கணுக்கால் வரையிலான எலும்பையும் முட்டிக்குள் பிணைத்து வைத்திருப்பது குரூசியேட் எனப்படும் ஜவ்வு. கால்பந்து விளையாடும் மனிதர்களுக்கு இது பெரும்பாலும் ஒரே நொடியில் அறுகிறது. நாய்களுக்கோ மாதக்கணக்கில் நார் நாராக நைந்து, கடைசியில் ஏதோ ஒரு சிறு திருப்பத்தில் முழுதாக விடுபடுகிறது. "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, சோஃபாவிலிருந்து குதித்தது, அவ்வளவுதான்" என்று பலரும் சொல்வார்கள். சோஃபா அங்கே கடைசிக் காரணம் மட்டுமே. இப்படி நைவது ஒரு காலோடு நிற்காமல் போகலாம் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முட்டியில் ஜவ்வு போன நாய்களில் ஏறத்தாழப் பாதிக்குச் சில ஆண்டுகளுக்குள் மறு முட்டியிலும் அதே பாதிப்பு வருகிறது.

அறுவை முறைகள் பல உள்ளன. லேப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்கு அதிகம் செய்யப்படும் டி.பி.எல்.ஓ. முறையில் அறுந்த ஜவ்வை ஒட்டவைப்பதில்லை. கால் எலும்பின் மேற்பரப்பு நாய்களுக்கு இயல்பாகவே ஏறத்தாழ 25 பாகை சரிந்திருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பு அந்தச் சரிவில் வழுக்கப் பார்க்கிறது. ஆகவே எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு ஏறத்தாழ 5 பாகையாகக் குறையும்படி திருப்பி, உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். அதாவது, உங்கள் நாயின் காலில் இருப்பது மருத்துவர் தாமே திட்டமிட்டு உண்டாக்கிய ஓர் எலும்பு முறிவு. சிறிய நாய்களுக்கு முட்டியின் வெளிப்புறமாக வலுவான இழை ஒன்றைக் கட்டி நிறுத்தும் முறையும் உண்டு. அங்கே எலும்பை அறுப்பதில்லை என்றாலும், இழையைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு மாதங்கள் போலத் தேவைப்படுகின்றன. எந்த முறையாக இருந்தாலும் அவசரப்பட இடமில்லை. எந்த முறை, எந்த அளவுத் தகடு என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயின் நகலையும் செல்பேசியில் வைத்திருங்கள்.

நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்

சென்னை வீடுகளில் முதல் எதிரி தரை. மொசைக், கிரானைட், பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஆகிய எதிலும் மூன்று காலில் நிற்கும் நாய்க்குப் பிடிமானம் கிடைக்காது. நாய் படுக்கும் இடம், தண்ணீர்க் கிண்ணம், வெளிக்கதவு ஆகிய மூன்றையும் இணைக்கும் பாதை முழுவதிலும் அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புகளையோ யோகா பாய்களையோ போடுங்கள். ஜமக்காளமும் கோரைப்பாயும் இதற்கு உதவா. அவை டைல்ஸின் மேல் நாயோடு சேர்ந்தே நகரும். பாதங்களின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியையும் நீண்ட நகங்களையும் அறுவைக்கு முந்தைய வாரமே வெட்டிவிட்டால் பிடிமானம் இன்னும் கூடும்.

பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று, வீடு துடைக்கும் நேரம். ஈரத் தரையில் ஒரு முறை பின்னங்கால் அகன்று வழுக்கினால், அத்தனை வாரப் பொறுமையும் அந்த ஒரு நொடியில் வீணாகலாம். வேலைக்கு வரும் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நாய் கூண்டுக்குள்ளோ வேறு அறையிலோ இருக்கும்போது துடைத்து, மின்விசிறியின் கீழ் தரை முழுவதும் காய்ந்த பிறகே அதை வெளியே விட வேண்டும்.

அடுத்தது, நாயை வைக்கப்போகும் இடம். எழுந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடமுள்ள கூண்டு சிறந்தது. கூண்டுக்குப் பழகாத நாய் என்றால் ஒரு சிறிய அறையையோ, கூடத்தின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்து மறித்தோ கொடுக்கலாம். ஆனால் அங்கே ஏறிக் குதிக்கக் கட்டிலோ நாற்காலியோ இருக்கக்கூடாது. ஜன்னல் வழியாகத் தெரு தெரியும் இடத்தையும் தவிர்ப்பது நல்லது. எதிர்வீட்டுப் பூனை ஒன்று போதும். சமையலறையிலிருந்தும் கூடத்திலிருந்தும் அதன் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும். தனியே ஓர் அறையில் அடைக்கப்பட்ட நாய் கதவைப் பிறாண்டியே காலைக் கெடுத்துக்கொள்ளும்.

காலிங்பெல்லை நிறுத்திவிடுங்கள். உணவு கொண்டுவருபவர், கூரியர், தண்ணீர்க் கேன், அயர்ன் துணி என்று நாளுக்கு எத்தனை முறை அது ஒலிக்கிறது என்பதை நாய்தான் சரியாக எண்ணி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாசலை நோக்கிப் பாய்வது அதன் கடமை. "பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்" என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினால் போதும்.

லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். சிறிய நாயைத் தூக்கிவிடலாம். 30 கிலோ லேப்ரடாரை நாளுக்கு நான்கு முறை தூக்கினால் உங்கள் முதுகு போய்விடும். தரைத்தளத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் முதல் சில வாரங்கள் தங்க முடியுமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். முடியாவிட்டால் பால்கனியில் அகன்ற தட்டு ஒன்றில் மணலையோ புல் விரிப்பையோ பரப்பி, அறுவைக்கு முன்பே அங்கே சிறுநீர் கழிக்கப் பழக்கிவிடுங்கள். அறுவைக்குப் பின் பழக்க முயன்றால், நாய் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் இரவும் முதல் மூன்று நாள்களும்

மயக்க மருந்தின் தாக்கம் முழுதாக நீங்க ஒரு நாள் ஆகலாம். முதல் இரவில் நாய் முனகும், நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து படுக்கும், எங்கோ வெறித்துப் பார்க்கும். இவற்றில் பாதி வலி, பாதி மருந்தின் குழப்பம். மூச்சிரைப்பைப் பிரித்தறிவது சென்னையில் சற்றுக் கடினம், ஏனெனில் வெயில் காலத்தில் நலமாக இருக்கும் நாயும் நாக்கைத் தொங்கவிட்டபடிதான் இருக்கிறது. ஏ.சி.யையோ மின்விசிறியையோ போட்டு அறை குளிர்ந்த பிறகும் இரைப்பு அடங்கவில்லை என்றால், அதை வலியாக எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். முதலில் சிறிது தண்ணீர், அது வெளியே வராவிட்டால் வழக்கமான உணவில் கால் பங்கு. அன்றைக்கு அவ்வளவே போதும். சிறுநீர் 24 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும், வராவிட்டால் சொல்லிவிடுங்கள். மலம் மூன்று, நான்கு நாள்கள் தள்ளிப்போவது இயல்புதான்.

வெளியே அழைத்துச் செல்லும்போது வயிற்றுக்குக் கீழே ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும். இதற்கென விற்கும் பட்டைகள் உண்டு என்றாலும் பழைய பருத்தி வேட்டியே தாராளமாகப் போதும். அதை நான்காக மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றின் கீழே கொடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்து ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள்; மறு கையில் ஹார்னஸின் குட்டையான பட்டை இருக்கட்டும். நாயின் எடையைத் தூக்குவது நோக்கமல்ல. அது வழுக்கினால் விழாமல் பிடிப்பதற்குத்தான் வேட்டி. துணியின் விளிம்பு தையலில் உரசாமலும், ஆண் நாயாக இருந்தால் சிறுநீர் துணியில் படாதபடி சற்று முன்தள்ளியும் பிடிக்க வேண்டும். சில நாள்களிலேயே நாய் விரல் நுனியைத் தரையில் தொட்டு நடக்கத் தொடங்கும். அதன் பிறகும் வழுக்கும் இடங்களிலும் தவிர்க்கவே முடியாத படிகளிலும் வேட்டி கூடவே வரட்டும்.

முதல் மூன்று நாள்களுக்குக் குளிர் ஒத்தடம் மிகுந்த பயன் தரும். பனிக்கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மெல்லிய துண்டில் சுற்றி, முட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். தையல் நனையக் கூடாது. மூன்றாம் நாளை ஒட்டி முட்டி வீக்கம் வடிந்து, கீழே கணுக்காலைச் சுற்றி மெத்தென்று தண்ணீர் கோத்ததுபோல் வீங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீர் புவியீர்ப்பால் இறங்குகிறது, அவ்வளவுதான். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மென்மையாக நீவிவிட்டால் ஒரு வாரத்தில் வடியும். காலில் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் கட்டுக்கு வெளியே தெரியும் இரு நடுவிரல்களை நாளுக்கு இரண்டு முறை பாருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி வீங்கியிருந்தாலோ சில்லென்று இருந்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மருந்து

மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, கொடுத்தவுடன் கொடுத்தவரே குறியிட வேண்டும். இல்லையென்றால் அப்பா ஒன்று, மகள் ஒன்று என இரட்டிப்பாகிவிடும். மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி, வீக்க மருந்துகளை உணவோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி, கறுத்த மலம், திடீரென உணவில் வெறுப்பு ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள். தோல் அரிப்புக்காக ஏற்கெனவே ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். இபுபுரூஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையில் இரத்தக் கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடியவை. பாரசிட்டமாலும் மருத்துவர் எடைக்கேற்பக் கணக்கிட்டுத் தராமல் கொடுக்கத் தக்கதல்ல. (2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடைசெய்யப்பட்டது பாறுக் கழுகுகள் அழிந்ததற்காகத்தான் என்றாலும், நாய்க்கும் அந்த மருந்து ஆகாது.) தெருமுனை மருந்துக்கடையில் "நாய்க்கு மூட்டு வலி" என்று கேட்டு வாங்குவதும் இதே வகை. மஞ்சள் பத்து, விளக்கெண்ணெய், வேப்பிலை அரைப்பு, புத்தூர்க் கட்டு என்று அக்கம்பக்கத்தில் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், தையலின் மேல் எதையும் தடவாதீர்கள். உள்ளே உலோகம் இருக்கும் காலில் கிருமி புகுந்தால், மேற்புண்ணோடு அது நிற்பதில்லை.

தையல் பிரிக்கும் வரை

தையல் பிரிப்பது பொதுவாக 10 முதல் 14 நாள்களுக்குள். அதுவரை கழுத்துக் கூம்பு இரவும் பகலும் கழுத்திலேயே இருக்க வேண்டும். உணவு வேளையில் நீங்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் மட்டும் கழற்றலாம். முட்டி நாயின் வாய்க்கு மிக எளிதாக எட்டும் இடம் என்பதால், காற்று நிரப்பிய வளையங்கள் நீண்ட மூக்குள்ள நாய்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான நீண்ட உடல்வாகு உள்ளவை வளைந்து எதையும் எட்டிவிடும். மூக்கு நுனியைத் தாண்டி ஓரங்குலமாவது நீளும் கூம்பே வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் கூம்புக்குள் எச்சிலும் வியர்வைபோல் ஈரமும் சேர்ந்து கழுத்துத் தோல் வெந்துபோகும். காலை மாலை இருவேளை துடைத்து, கழுத்தையும் உலர்த்திவிடுங்கள்.

தையலை நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முதல் நாள்களில் ஓரங்கள் சிவந்திருப்பதும் தொடையின் உட்புறம் ஊதா நிறத்தில் கன்றியிருப்பதும் இயல்பு. நேற்றைய படத்தைவிட இன்று சிவப்பு கூடியிருக்கிறதா, நீர் கசிகிறதா, துர்நாற்றம் உண்டா என்பதே கேள்வி. ஈக்களை அண்டவிடாதீர்கள், திறந்த வராந்தாவில் கட்டியிருக்கும் நாயின் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது இந்த ஊரில் அரிதல்ல. குளிப்பாட்டுவது தையல் பிரித்துச் சில நாள்கள் கழித்துத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போய் வந்தால், பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். தேங்கிய நீரில் கால் வைக்க விடாதீர்கள், எலிக் காய்ச்சலுக்கும் அதுதான் வழி.

உண்ணிகளை மறக்கக் கூடாது. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் மிகப் பரவலாக இருக்கிறது; அது இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் இது பார்க்கப்பட்டிருக்கும். பிறகும் காதோரமும் விரலிடுக்கிலும் தினமும் தேடுங்கள். காய்ச்சலோடு சோர்வு, வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள், மூக்கில் இரத்தம் ஆகியவை தெரிந்தால் அதைக் கால் தொடர்பானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரம் வரை

இனிதான் உண்மையான வேலை. தையல் போயிற்று, கூம்பு போயிற்று, நாய் நான்கு காலில் நடக்கிறது. ஊரிலிருந்து வந்த பாட்டி, "பாவம், வாயில்லா ஜீவனை ஏன்டா கட்டிப் போட்டிருக்கே" என்று கேட்பார். அவருக்கு எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். தகடும் திருகாணிகளும் பளிச்சென்று தெரியும் அந்தப் படம், நீங்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட வேகமாக வேலை செய்யும். இந்த ஆறு வாரங்களில் ஓட்டம், தாவல், படியேற்றம், பந்து, வேறு நாயோடு விளையாட்டு ஆகிய எதுவும் கூடாது. வீட்டுக்குள்ளேயும் கூண்டுக்கு வெளியே இருக்கும்போது பட்டை ஒருவர் கையில் இருக்க வேண்டும். நீண்டு சுருங்கும் வகைக் கயிறு இந்தக் காலத்துக்கு ஆகாது. நான்கு அடிக்கு மேற்படாத பட்டையே நல்லது.

நடையைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வாரங்களில் சிறுநீருக்காக 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை என்றிருந்ததை, மருத்துவர் ஒப்புதலோடு வாரம் 5 நிமிடத்துக்கு மேற்படாமல் கூட்டிக்கொண்டே போய், எட்டாவது வாரத்தில் ஒரு நடைக்கு 20 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவரலாம். நேரத்தைவிட வேகம் முக்கியம். வேகமாக நடக்கும் நாய் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் எளிதாகத் தத்திச் சென்றுவிடும்; கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் மெதுவாக அழைத்துச் சென்றால் நான்காவது காலை ஊன்றாமல் அதனால் நடக்க முடியாது. காலுக்கு வலு சேர்ப்பது அந்த ஊன்றல்தான். நடை முடிந்த பிறகோ மறுநாள் காலையோ நொண்டல் கூடியிருந்தால், முந்தைய வார அளவுக்குத் திரும்புங்கள்.

எங்கே நடப்பது என்பது இன்னொரு கேள்வி. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய தெருக்கள், சரிந்த நடைபாதைகள், எல்லைக்குள் யார் வந்தாலும் பாய்ந்து வரும் தெருநாய்க் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவே மெல்ல நடப்பது எளிதன்று. குடியிருப்பின் வாகன நிறுத்தமோ காம்பவுண்டுக்குள் உள்ள சமதளமோ போதும். அங்கேயே முன்னும் பின்னுமாக நடக்கலாம். நாய்க்கு அது சலிக்காது, உங்களுக்குத்தான் சலிக்கும். மே மாதக் கத்திரி வெயிலில் காலை ஆறு மணிக்கு முன்பும் இரவு தரை ஆறிய பிறகும் மட்டுமே வெளியே போக வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான். சூட்டில் துள்ளும் நாய் புண்பட்ட காலையும் சேர்த்தே துள்ளுகிறது.

கால் எவ்வளவு ஊன்றுகிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. காய்ந்த சிமெண்டுத் தரையில் நான்கு பாதங்களையும் நனைத்து மெதுவாக நடக்கவிட்டுத் தடங்களைப் பாருங்கள். நலமான பின்பாதம் நான்கு விரல்களும் நடுத்திண்டுமாக முழுதாகப் பதிந்திருக்கும். அறுவை செய்த பாதம் தொடக்கத்தில் முன்விரல்கள் இரண்டின் ஈரத்தை மட்டும் விட்டுச்செல்லும். வாரங்கள் செல்லச் செல்ல நடுத்திண்டின் அடையாளமும் தெரியத் தொடங்கும். தையற்காரரின் அளவு நாடாவால் இரு தொடைகளின் சுற்றளவையும் ஒரே உயரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து குறித்து வைப்பதும் நல்லது. தசை எவ்வளவு கரைந்தது, எவ்வளவு மீண்டது என்பது மறுபரிசோதனையின்போது மருத்துவருக்கு உதவும்.

நான்காவது வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சரியென்றால், உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தொடங்கலாம். அறுவை செய்த காலின் பக்கம் சுவர் இருக்குமாறு நாயை நிறுத்தி உட்காரச் சொல்லுங்கள். கால் பக்கவாட்டில் விரியாமல் மடிந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே சுவர். ஐந்து முறை போதும். ஆறாவது வாரத்திலிருந்து வாகன நிறுத்தச் சரிவுப் பாதையில் மெல்ல ஏறி இறங்குவது, தரையில் கிடத்திய துடைப்பக் கழிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நடப்பது ஆகியவை சேரலாம். முட்டியைக் கையால் மடக்கி நீட்டும் பயிற்சியை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ நேரில் காட்டிக்கொடுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். அதற்கு முன் வெதுவெதுப்பான ஒத்தடம் ஐந்து நிமிடம் கொடுத்தால் தசை இளகும்.

உடல் கட்டுண்டிருக்கும்போது மூளைக்கு வேலை கொடுக்காவிட்டால் நாய் வீட்டைக் கடித்துத் தின்னும். கெட்டித் தயிரில் துருவிய கேரட்டைக் கலந்து ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறையவைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். உணவைக் கிண்ணத்தில் வைக்காமல் பழைய துண்டில் சுருட்டி வைத்து மோப்பம் பிடித்து எடுக்கவிடலாம். மோப்பம் பிடித்துக் களைத்த நாய், ஓடிக் களைத்த நாயைப் போலவே உறங்கும். அப்படியும் அடங்காத இளம் நாய்களுக்கு ட்ராஸோடோன் போன்ற அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. அதைக் கேட்பதில் குற்றவுணர்வு தேவையில்லை.

பட்டாசைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுவை செய்த நாய்க்கு, எலும்பு கூடும் காலத்துக்குள்ளேயே தீபாவளி வந்துவிடும். அவசரமில்லாத நிலையில் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அச்சம் தணிக்கும் மருந்தை வாங்கி ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சென்னையில் தீபாவளி மட்டுமல்ல. சாவு ஊர்வலத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் சரவெடி முன்னறிவிப்பின்றி வெடிக்கும். கூண்டின் மேல் கனமான போர்வையும் அறையில் ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

உணவும் எடையும்

30 கிலோ நாய் முழு ஓய்வில் உயிர்வாழ ஏறத்தாழ 900 கிலோ கலோரி போதும். வழக்கமான நாள்களில் அதற்கு ஒன்றரை மடங்குக்கு மேல் செலவாகும். ஓட்டம் நின்ற மாதங்களிலும் பழைய அளவையே கொடுத்தால் எடை ஏறும், ஏறிய எடை முழுவதும் இரு முட்டிகளின் மேல்தான் உட்காரும். எனவே மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உணவைக் கால் பங்கு போலக் குறையுங்கள். குறைக்க வேண்டியது சோற்றை, கறியை அல்ல. தசை மீள்வதற்குப் புரதம் வேண்டும். நம் வீடுகளில் கணக்கில் வராமல் போகிறவை காலைக் காப்பியோடு இரண்டு பிஸ்கட், தாத்தா தட்டிலிருந்து தயிர்சாதம், இரவு சப்பாத்தித் துண்டு ஆகியவைதான். விலாவைத் தடவினால் எலும்புகள் தோலுக்கடியில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டியவை

ஊன்றிக்கொண்டிருந்த நாய் திடீரெனக் காலை முழுதாகத் தூக்கிவிடுவதுதான் முதன்மையான எச்சரிக்கை. தகடு தளர்ந்திருக்கலாம், அல்லது முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கலாம். பின்னதில் நடக்கும்போது முட்டியில் சில நேரம் "டக்" என்ற ஒலி கேட்கும், வாரங்களோ மாதங்களோ கழித்தும் இது வரலாம். உடல் வெப்பம் 103 ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது (நாயின் இயல்பு வெப்பமே 101 முதல் 102.5 வரை என்பதால் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது), தையலில் சீழ், ஒரு நாள் முழுவதும் உண்ணாமை ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

மருத்துவமனைக்குப் போகும்போது வண்டிக்குள் தானாகத் தாவி ஏற விடாதீர்கள். ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் புட்டத்தின் கீழும் கொடுத்து, அறுவை செய்த கால் வெளிப்பக்கம் இருக்குமாறு தூக்குங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற கூட்டம் மிகுந்த இடங்களில், ஒருவர் வரிசையில் நிற்கட்டும், நாய் முறை வரும் வரை வண்டியிலேயே நிழலில் ஒருவரோடு இருக்கட்டும். காத்திருக்கும் கூடத்தில் பத்து நாய்களுக்கு நடுவே அது அமைதியாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

எட்டாவது வார எக்ஸ்ரேக்குப் பிறகு

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகே கட்டுப்பாடுகள் தளர வேண்டும். நாயின் உற்சாகத்தைப் பார்த்து அல்ல. அதன் பின்னும் ஒரே நாளில் அவிழ்த்துவிடாமல், நீண்ட நடை, மெல்லோட்டம், படிகள், கடைசியாகச் சுதந்திர ஓட்டம் என்று நான்கு முதல் எட்டு வாரங்களுக்குப் பரப்பிக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு அழைத்துச் செல்ல ஆசைப்படுபவர்கள் அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் முதலில் நடக்கவிட வேண்டும். பெசன்ட் நகரின் உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடுவது முட்டியை முறுக்கும். அது கடைசிக் கட்டத்துக்கு உரியது.

தகட்டைப் பொதுவாக எடுப்பதில்லை, ஆயுள் முழுவதும் உள்ளேயே இருக்கும். சில மாதங்கள் கழித்துத் தகடு இருக்கும் இடத்தில் வீக்கமோ கசிவோ மறுபடி தோன்றினால், அதன் மேல் கிருமி படிந்திருக்க வாய்ப்பு உண்டு. எலும்பு முன்பே கூடிவிட்டிருந்தால் மருத்துவர் தகட்டைக் கழற்றிவிடவும் கூடும். ஊர் மாறி வேறு மருத்துவரிடம் போகும்போதும், நாயை விடுதியில் விட்டுச் செல்லும்போதும், எக்ஸ்ரே நகலையும் அறுவை விவரத் தாளையும் தடுப்பூசி அட்டையோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.